"நோ மாட்யூல் நேம்ட்…": பைத்தான் இம்போர்ட் பிழைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறொரு ஃபைலில் உள்ள நிரலை, அதாவது மாட்யூலை, இம்போர்ட் செய்து உள்ளே கொண்டுவரும்போது வரும் பிழை இது. பைத்தான் எழுதப் பழகுபவர்கள் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் சுவர். வருடக்கணக்காக எழுதுகிறவர்களும் அவ்வப்போது முட்டிக்கொள்வோம். எனக்கு வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக வந்து விழும் சந்தேகங்களில் இதுதான் முதலிடம். வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக் கீழே கொடுத்திருக்கிறேன். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

"மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்: நோ மாட்யூல் நேம்ட் பாண்டாஸ்" என்று வருகிறது. என் கம்ப்யூட்டரில் பாண்டாஸ் லைப்ரரி இல்லை என்றுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்ல முடியாது. "நான் தேடிய இடங்களில் இல்லை" என்று மட்டும்தான் பைத்தான் சொல்கிறது. தாத்தா மேஜைமேல் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு "கண்ணாடியைக் காணோம்" என்பார். கண்ணாடி அலமாரியில் இருக்கும். இங்கேயும் அதே கதைதான். ஆகவே இந்த வரியைப் பார்த்ததும் பிப் இன்ஸ்டால் (லைப்ரரிகளை இறக்கிப் போடும் கட்டளை) அடிக்க ஓடாதீர்கள். தேடியது எந்தப் பைத்தான், எங்கெங்கே தேடியது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள பாதிப் பதில்கள் அந்த இரண்டு கேள்விகளிலிருந்து வந்தவைதான்.

பிழையின் கடைசி வரியில் உள்ள பெயரையும் நிதானமாகப் படியுங்கள். நீங்கள் இம்போர்ட் செய்தது ஒன்று, இல்லை என்று சொல்லப்படுவது இன்னொன்று என்று பலமுறை இருக்கும். அப்படியானால் உங்கள் மாட்யூல் கிடைத்துவிட்டது. அது உள்ளே கூப்பிட்ட வேறொன்றுதான் கிடைக்கவில்லை. அதற்கு மேலே உள்ள வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் எந்த ஃபைல், எத்தனையாவது வரி கூப்பிட்டது என்று தெரிந்துவிடும்.

இம்போர்ட்எரர், மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர் இரண்டும் ஒன்றா?

அம்மாவும் மகளும் மாதிரி. இம்போர்ட்எரர் பழையது, பொதுவானது. அதன்கீழ் ஒரு தனி வகையாக மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர் 2016-ல் வந்த 3.6 பதிப்பில் சேர்ந்தது. மாட்யூலே கிடைக்காவிட்டால் மகள் வருவாள். மாட்யூல் கிடைத்து, அதற்குள் நீங்கள் கேட்ட பெயர் இல்லாமல் போனாலோ, மாட்யூலுக்கு அடியில் உள்ள சிஸ்டம் லைப்ரரி ஏறாமல் போனாலோ அம்மா வருவாள். எது வந்திருக்கிறது என்று பார்த்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

பைத்தான் எங்கெல்லாம் தேடும்?

ஏற்கெனவே ஏற்றிவைத்த மாட்யூல்கள் சிஸ்.மாட்யூல்ஸ் என்ற டிக்‌ஷனரியில் இருக்கும். அதில் பெயர் இருந்தால் வெளியே தேடாது. இல்லாவிட்டால், பைத்தானுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டவை, பிறகு சிஸ்.பாத் என்ற லிஸ்டில் உள்ள ஃபோல்டர்கள், மேலிருந்து கீழாக.

அந்த லிஸ்டின் முதல் இடத்தில்தான் வில்லங்கம் இருக்கிறது. "பைத்தான் மெயின்.பை" என்று ஓட்டினால், மெயின்.பை இருக்கும் ஃபோல்டர் முதலிடத்தில் வந்து உட்காரும். நீங்கள் டெர்மினலில் நிற்கும் ஃபோல்டர் வராது. "-எம்" போட்டு ஓட்டினால் நிற்கும் ஃபோல்டர் முதலில் வரும். அதற்குப் பிறகு பைத்தான்பாத் என்ற சூழல் மாறியில் நீங்கள் எழுதிவைத்தவை, பைத்தானோடு வந்த ஸ்டாண்டர்ட் லைப்ரரி, கடைசியாகப் பிப் கொண்டுவந்து கொட்டும் சைட்-பேக்கேஜஸ்.

பெயர் பொருந்தும் முதல் இடத்திலேயே எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். அடுத்த ஃபோல்டரில் இன்னும் நல்லது இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாலு கேள்வி தள்ளி வேலைக்கு ஆகும்.

பிப் "ரெக்வயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைட்" என்கிறது, பைத்தான் "இல்லை" என்கிறது. யாரை நம்புவது?

இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். வேறு வேறு வீட்டைப் பற்றிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருக்கும்: ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு வந்தது ஒன்று, நீங்கள் இறக்கியது ஒன்று, அனகோண்டா போட்டிருந்தால் அது ஒன்று. பிப் ஒரு பைத்தானுக்குச் சொந்தம், ஓட்டுவது இன்னொன்று.

தனியாகப் "பிப்" என்று அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். "பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்" என்று அடியுங்கள். எந்தப் பைத்தானைக் கூப்பிடுகிறீர்களோ அதற்குள்தான் பேக்கேஜ் போகும், வழி தவறாது. லினக்ஸிலும் மேக்கிலும் "பைத்தான்3". விண்டோஸில் "பை --லிஸ்ட்" என்று அடித்தால் எத்தனை பைத்தான் குடியிருக்கிறது என்ற பட்டியல் வரும். முதல்முறை பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால், பிழை தரும் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் என்பதைப் பிரின்ட் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானின் முழு முகவரி அது. பிறகு "பைத்தான் -எம் பிப் --வெர்ஷன்" அடித்து அது காட்டும் முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விஎஸ் கோட் வைத்திருப்பவர்கள் கீழே வலது மூலையில் எந்தப் பைத்தான் தேர்வாகியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. ரன் பட்டன் ஒன்றை ஓட்டும், அதே ஜன்னலுக்குள் இருக்கும் டெர்மினல் வேறொன்றை ஓட்டும்.

உபுண்டுவில் பிப் அடித்தால் "எக்ஸ்டெர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்" என்று திட்டுகிறது. பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ் போட்டால் ஏறிவிடும் என்கிறார்களே?

ஏறும். அந்த ஆப்ஷனின் பெயரிலேயே என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறது பாருங்கள். உபுண்டு 23.04, டெபியன் 12 (இரண்டும் 2023) முதல் இந்தத் தடை இருக்கிறது. சிஸ்டத்தின் பல கருவிகள் அதே பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. நீங்கள் ஒரு லைப்ரரியின் பதிப்பை மாற்றிவைத்தால் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று நாளைக்குப் படுத்துவிடும்.

வழி, வென்வ் (ஒரு புராஜெக்டுக்கு மட்டுமான தனிப் பைத்தான் சூழல்). "பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்" என்று அடித்தால் புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே தனிக் குடித்தனம் ஒன்று உருவாகும். டெபியன், உபுண்டுவில் இதற்கு முன் ஏப்டி (சிஸ்டத்தின் இன்ஸ்டால் கருவி) மூலம் பைத்தான்3-வென்வ் என்ற பேக்கேஜைப் போட வேண்டியிருக்கலாம். பிறகு ஆக்டிவேட் செய்து உள்ளே பிப் போடலாம். ஆக்டிவேட் செய்வது கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை: ".வென்வ்/பின்/பைத்தான் மெயின்.பை" என்று அந்தப் பைத்தானையே நேராகக் கூப்பிட்டாலும் போதும். விண்டோஸில் பின் இருக்கும் இடத்தில் ஸ்கிரிப்ட்ஸ். பவர்ஷெல் ஆக்டிவேட்டைத் தடுத்து அடம்பிடித்தாலும் இதே குறுக்குவழி உதவும்.

வென்வ் ஃபோல்டரை இடம் மாற்றாதீர்கள், நண்பருக்கு ஜிப் செய்து அனுப்பாதீர்கள். அதற்குள் முழு முகவரிகள் எழுதப்பட்டிருக்கும். பைத்தானைப் பெரிய பதிப்புக்கு ஏற்றினாலும் பழைய வென்வ் கதை முடிந்தது. அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்க இரண்டு நிமிடம், அதற்காகத்தான் தேவையான பேக்கேஜ்களின் பட்டியலை ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி ஃபைலில் வைத்துக்கொள்வது.

"பிப் இன்ஸ்டால் சிவி2" என்றால் அப்படி ஒன்று இல்லை என்கிறது. இம்போர்ட்டில் சிவி2 என்றுதானே எழுதுகிறோம்?

வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். பிப்பிடம் கேட்கும் பெயரும் இம்போர்ட்டில் எழுதும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சிவி2-க்குப் பிப்பில் ஓப்பன்சிவி-பைத்தான். பிஐஎல் வேண்டுமானால் பில்லோ. எஸ்கேலேர்னுக்கு சைகிட்-லேர்ன், பிஎஸ்4-க்கு பியூட்டிஃபுல்சூப்4, யாம்லுக்கு பைஒய்ஏஎம்எல், சீரியலுக்கு பைசீரியல், டாக்ஸுக்கு பைத்தான்-டாக்ஸ். நம்மூர்க்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஓப்பன்-தமிழ் என்ற தமிழ் உரை லைப்ரரி: பிப்பில் அந்தப் பெயர், இம்போர்ட்டில் வெறும் தமிழ் ("டி ஏ எம் ஐ எல்").

ஊகித்து அடிக்காதீர்கள் என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. பிப் இறக்கும் பொதுக் கிடங்கான பைபிஐ-யில் யார் வேண்டுமானாலும் பேக்கேஜ் ஏற்றலாம். பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைரஸ் ஏற்றிவைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்து மாறாமலும் நடக்கும்: 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை பைடார்ச் லைப்ரரியின் நைட்லி (தினமும் வெளிவரும் சோதனை) பதிப்பை லினக்ஸில் பிப் வழியாகப் போட்டவர்களுக்கு, அதற்குத் தேவையான டார்ச்ட்ரைட்டான் பேக்கேஜின் அதே பெயரில் பைபிஐ-யில் வேறு யாரோ ஏற்றிய பேக்கேஜ் இறங்கியது. அது கம்ப்யூட்டரிலிருந்த தகவல்களைத் திருடி அனுப்பியது. இப்போது ஏஐ எழுதித் தரும் நிரலில் இல்லவே இல்லாத பேக்கேஜ் பெயர்களும் வருகின்றன. லைப்ரரியின் சொந்தப் பக்கத்தில் உள்ள இன்ஸ்டால் வரியைப் பார்த்து அடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

எல்லாம் சரியாக இருக்கிறது, லைப்ரரியும் இருக்கிறது. ஆனாலும் "பார்ஷியலி இனிஷியலைஸ்ட் மாட்யூல்" என்கிறது. நான் ஒரே ஒரு ஃபைல்தான் எழுதியிருக்கிறேன்!

அந்த ஃபைலின் பெயர் என்ன என்று கேட்பேன். பத்தில் எட்டு முறை அதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

ஒரு கல்லூரி மாணவர் அனுப்பியதை அப்படியே சொல்கிறேன். ஓப்பன்-தமிழ் வைத்து எழுத்து எண்ணிப் பார்க்க ஆசை. "தமிழ்" என்ற சொல்லைப் நீளம் எண்ணும் பைத்தானின் லென்னிடம் கொடுத்தால் 5 என்கும், ஏனென்றால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக யூனிகோடில் இருக்கிறது. ஓப்பன்-தமிழின் கெட்_லெட்டர்ஸ் அதை த, மி, ழ் என்று மூன்றாகச் சரியாகப் பிரிக்கும். அழகான முதல் பயிற்சி. அதற்காக அவர் உருவாக்கிய ஃபைலுக்கு வைத்த பெயர்: தமிழ்.பை, ஆங்கிலத்தில். முதல் வரி "ஃப்ரம் தமிழ் இம்போர்ட் யுடிஎஃப்8".

என்ன நடந்தது? ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர்தானே சிஸ்.பாத்தில் முதல் இடம். தமிழ் என்று தேடிய பைத்தான் அங்கேயே அவருடைய ஃபைலைக் கண்டுபிடித்தது, சைட்-பேக்கேஜஸ் பக்கமே போகவில்லை. அந்த ஃபைலை மாட்யூலாக ஏற்றத் தொடங்கியது. முதல் வரியிலேயே மறுபடி "ஃப்ரம் தமிழ்". சிஸ்.மாட்யூல்ஸில் பார்த்தால் பாதி ஏறிய நிலையில் தன்னைத்தானே காண்கிறது. "பாதி ஏறிய மாட்யூலில் யுடிஎஃப்8 இல்லை, அநேகமாகச் சுற்று இம்போர்ட்" என்று பிழை. பாவம், ஒரே ஒரு ஃபைல் வைத்திருந்த பையன் இரண்டு மணி நேரம் சுற்று இம்போர்ட் என்றால் என்ன என்று படித்துக்கொண்டிருந்தார். ஃபைல் பெயரை மாற்றச் சொன்னேன், ஓடியது.

ரேண்டம்.பை, ஈமெயில்.பை, கேலண்டர்.பை, டெஸ்ட்.பை, நம்பை.பை எல்லாமே இந்த ரகம்தான். ஒன்றைக் கற்கும்போது அதன் பெயரையே ஃபைலுக்கு வைக்கத் தோன்றுவது இயல்பு. 3.13 பதிப்பிலிருந்து பைத்தானே "இந்த ஃபைலின் பெயரை மாற்றிப் பாருங்கள்" என்று முழு முகவரியோடு சொல்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் அந்த மாட்யூலின் டண்டர் ஃபைல் (முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட ஃபைல்) என்ற பண்பைப் பிரின்ட் செய்தால் எங்கிருந்து ஏறியது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழிலேயே ஃபைல் பெயர் வைத்து இம்போர்ட் செய்யலாமா?

பைத்தான் 3 வந்த நாளிலிருந்தே மாறிகள், ஃபங்ஷன்கள், மாட்யூல்கள் எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயர் வைக்கலாம். "இம்போர்ட் கணக்கு" ஓடும். ஆனால் ஒரு குழி உண்டு, அது பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

"கொள்முதல்" என்ற சொல்லின் கொ-வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். க-வோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது க-வோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நிரலுக்குள் நீங்கள் எப்படி எழுதினாலும் பைத்தான் பெயர்களை என்எஃப்கேசி என்ற முறைப்படி ஒருமைப்படுத்திவிடும். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகிவிடும். ஃபைல் பெயரை அப்படி யாரும் ஒருமைப்படுத்துவதில்லை. லினக்ஸில் ஃபைலின் பெயர் வெறும் பைட்டுகள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பெயராக இருந்து கொம்பும் காலும் தனித்தனியே இருந்தால், கொள்முதல்.பை கண்ணெதிரே இருக்கும், பைத்தான் "நோ மாட்யூல் நேம்ட் கொள்முதல்" என்று சாதிக்கும். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி கொடுத்து ஃபைலுக்கு மறுபெயர் வையுங்கள், சரியாகிவிடும்.

குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தமிழ் மாறிகள் அருமையாக இருக்கும், நானே செய்கிறேன். ஃபைல் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது என் வழக்கம். அதிலும் நடுவில் ஹைஃபன், தொடக்கத்தில் எண் இரண்டும் வேண்டாம்; இம்போர்ட் வரியில் அவற்றை எழுதவே முடியாது.

விண்டோஸில் ஓடியது, லினக்ஸ் சர்வரில் என் சொந்த ஃபைலையே காணோம் என்கிறது.

பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் யூட்டில்ஸ்.பை-க்குப் பெரிய யு, சின்ன யு என்று வித்தியாசம் பார்க்காது, ஆனால் பைத்தான் அங்கேயும் பார்க்கும். அப்புறம் எப்படி இங்கே ஓடி அங்கே விழுகிறது என்றால், குற்றவாளி பெரும்பாலும் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி). பெரிய யு-வைச் சின்ன யு-வாக நீங்கள் விண்டோஸில் மாற்றியிருப்பீர்கள். கிட் அந்த மாற்றத்தைக் கண்டுகொண்டிருக்காது. சர்வரில் பழைய பெயரே இறங்கியிருக்கும். "கிட் எம்வி" மூலம் பெயரை மாற்றுங்கள்.

"அட்டெம்ப்டட் ரிலேட்டிவ் இம்போர்ட் வித் நோ நோன் பேரன்ட் பேக்கேஜ்" – இது என்ன மந்திரம்?

"ஃப்ரம் .உதவி இம்போர்ட்" என்று புள்ளி வைத்து எழுதினால் "என் பக்கத்து வீட்டில் தேடு" என்று பொருள். பேக்கேஜுக்குள் இருக்கும் ஃபைலை நேரடியாக ஸ்கிரிப்டாக ஓட்டினால் அதற்குத் தெருவே தெரியாது, பக்கத்து வீடு எங்கே தெரியும்? புராஜெக்டின் மேல் ஃபோல்டரில் நின்று "பைத்தான் -எம் கடை.பில்" என்று ஓட்டுங்கள். பை என்ற வால் வேண்டாம், சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி.

சிஸ்.பாத்தில் அப்பெண்ட் செய்து சமாளிக்கும் வித்தையைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். ஒருநாள் வேலைக்குச் சரி. புராஜெக்ட் வளரும் என்று தெரிந்தால் ஒரு பைபுராஜெக்ட்.டாம்ல் (புராஜெக்டின் விவரங்களைச் சொல்லும் ஃபைல்) எழுதி, "பிப் இன்ஸ்டால் -இ ." போட்டுவிடுங்கள், எங்கிருந்து ஓட்டினாலும் கிடைக்கும். பைத்தான்பாத்தை பேஷ்ஆர்சி-யில் (டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் ஃபைல்) நிரந்தரமாக எழுதிவைப்பதை மட்டும் செய்யாதீர்கள். எல்லா வென்வுக்குள்ளும் அது கசிந்து, ஆறு மாதம் கழித்து வேறொரு புராஜெக்டில் உங்களைப் பழிவாங்கும்.

உண்மையிலேயே சுற்று இம்போர்ட் என்றால்?

பில்.பை, வாடிக்கையாளர் ஃபைலைக் கூப்பிடுகிறது. வாடிக்கையாளர் ஃபைல் பாக்கித்தொகை பார்க்க பில்லைக் கூப்பிடுகிறது. இரண்டு பேரும் கதவருகே நின்று "நீங்க முதல்ல" என்கிறார்கள். இருவருக்கும் பொதுவானதை மூன்றாவது ஃபைலுக்கு எடுத்துச் செல்வதே முறையான தீர்வு. அவசரத்துக்கு இம்போர்ட் வரியை ஃபங்ஷனுக்கு உள்ளே தள்ளலாம். கூப்பிடும் நேரத்தில் இரண்டும் முழுதாக ஏறியிருக்கும். டைப் குறிப்புக்காக மட்டுமே இம்போர்ட் என்றால் டைப்பிங் மாட்யூலின் டைப்_செக்கிங் நிபந்தனைக்குள் போட்டுவிடலாம்.

பழைய புராஜெக்ட், நேற்றுவரை ஓடியது. பைத்தானை மேம்படுத்தியதும் "நோ மாட்யூல் நேம்ட் டிஸ்ட்யூட்டில்ஸ்".

2023 அக்டோபரில் வந்த 3.12-ல் டிஸ்ட்யூட்டில்ஸும் ஐஎம்பி-யும் எடுக்கப்பட்டுவிட்டன. செட்டப்டூல்ஸ் போட்டால் டிஸ்ட்யூட்டில்ஸ் தற்காலிகமாக உயிர்பெறும். 3.12-லிருந்து வென்வுக்குள் செட்டப்டூல்ஸ் தானாக வருவதும் நின்றுவிட்டதால் அதையும் நாமேதான் போட வேண்டும். 2024 அக்டோபரின் 3.13-ல் சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் உட்பட 19 மாட்யூல்கள் போய்விட்டன. "கலெக்‌ஷன்ஸிலிருந்து மேப்பிங்கை எடுக்க முடியவில்லை" என்றால் அது 3.10-ன் மாற்றம், கலெக்‌ஷன்ஸ்.ஏபிசி என்று திருத்துங்கள். யூஆர்எல்லிப்2, பெரிய டி போட்ட டிகின்டர் இதெல்லாம் வந்தால் கையில் இருப்பது பைத்தான் 2 நிரல். அதன் ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தது.

சின்ன டி போட்ட டிகின்டரே இல்லை என்றால் அது வேறு. உபுண்டுவில் பைத்தான்3-டிகே என்பதை ஏப்டி மூலம் போட வேண்டும், பிப்பில் தேடிப் பயனில்லை.

"டிஎல்எல் லோட் ஃபெயில்ட்", "லிப்ஜிஎல்.எஸ்ஓ.1 கெனாட் ஓப்பன்" – இதற்கும் இம்போர்ட்எரர் என்றே வருகிறதே?

மாட்யூல் கிடைத்துவிட்டது, அதற்கு அடியில் இருக்கும் சி நிரலுக்குத் தேவையான சிஸ்டம் லைப்ரரி இல்லை. மறுபடி மறுபடி பிப் அடித்துப் பயனில்லை. டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் கருவி) ஓப்பன்சிவி போடுபவர்களுக்கு லிப்ஜிஎல் பிழை அடிக்கடி வரும். சர்வரில் ஜன்னல் திறந்து படம் காட்டப் போவதில்லை என்பதால் ஓப்பன்சிவி-பைத்தான்-ஹெட்லெஸ் போடுங்கள், பழையதை நீக்கிவிட்டு. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இல்லாததும் ஒரு வழக்கமான காரணம்.

"நம்பை 1-ல் கம்பைல் ஆனது நம்பை 2-ல் ஓடாது" என்று நீளமாக வந்தால், 2024 ஜூனில் வந்த நம்பை 2.0-க்கு, நம்பையை நம்பி ஓடும் இன்னொரு லைப்ரரி இன்னும் மாறவில்லை. அதன் புதிய பதிப்பைத் தேடுங்கள். இல்லாவிட்டால் நம்பையை 2-க்குக் கீழே நிறுத்திவையுங்கள்.

ட்ரை, எக்ஸெப்ட் போட்டு இம்போர்ட் பிழையைப் பிடித்துவிட்டால் என்ன?

சில இடங்களில் போட வேண்டும். பல இடங்களில் கூடாது. கூடாத இடத்தில் போட்டு நான் பட்டதை முதலில் சொல்கிறேன்.

ஒரு சின்ன நிறுவனத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். இரவு இருப்புக் கணக்கு எடுத்து, குறைந்துபோன சரக்குக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். என் லேப்டாப்பில் எஸ்எம்எஸ் லைப்ரரி இல்லாததால் தொந்தரவாக இருக்கிறதே என்று "எக்ஸெப்ட் இம்போர்ட்எரர்: பாஸ்" என்று போட்டு, லைப்ரரி இல்லாவிட்டால் அனுப்பும் வேலையைத் தாண்டிப் போகும்படி வைத்திருந்தேன். சர்வரில், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரான் அதை ஓட்டியது. க்ரானுக்கு என் வென்வ் தெரியாது. அதன் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) மிகச் சுருக்கமானது, சிஸ்டம் பைத்தானைத்தான் அது கண்டது. லைப்ரரி இல்லை, பிழை பிடிபட்டது, விழுங்கப்பட்டது, ஸ்கிரிப்ட் வெற்றிகரமாக முடிந்தது. ஒவ்வோர் இரவும். சரக்குத் தீர்ந்து, அவர்கள் ஃபோன் செய்து "என்ன தம்பி, மெசேஜே வரல?" என்று கேட்டபிறகுதான் எனக்குத் தெரியும். தப்பு முழுக்க என்னுடையது. க்ரான் வரியில் வென்வ் பைத்தானின் முழு முகவரியை எழுதி, அந்தப் பாஸை அழித்தேன்.

போட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, அதே வேலைக்கு மாற்று இருக்கும்போது. டாம்ல் வகை ஃபைலைப் படிக்க 3.11 முதல் டாம்ல்லிப் கூடவே வருகிறது. அதற்கு முன் டாம்லி என்ற பேக்கேஜ். இப்படி எழுதலாம்:

ட்ரை:
    இம்போர்ட் டாம்ல்லிப்
எக்ஸெப்ட் மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்:
    இம்போர்ட் டாம்லி ஆஸ் டாம்ல்லிப்

இரண்டு, இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு வசதி மட்டும் குறையும் என்ற நிலை. பாண்டாஸ் இதை அழகாகச் செய்கிறது. எக்செல் ஃபைலை நீங்கள் திறக்கக் கேட்கும்வரை ஓப்பன்பைஎக்செல் பற்றி மூச்சு விடாது. கேட்கும்போது அது இல்லாவிட்டால் "இந்த லைப்ரரி இல்லை, பிப்பிலோ கோண்டாவிலோ போட்டுக்கொள்ளுங்கள்" என்று பெயரைச் சொல்லி இம்போர்ட்எரர் எழுப்பும். நாமும் அப்படிச் செய்யலாம்: பிடித்த பிழையை "ஃப்ரம்" சேர்த்து, புரிகிற வாக்கியத்தோடு மறுபடி ரெய்ஸ் செய்யுங்கள்.

எதைப் பிடிக்கிறீர்கள் என்பதிலும் கவனம். அகலமாக இம்போர்ட்எரரைப் பிடித்தால் லைப்ரரி இருந்தும் டிஎல்எல் உடைந்துபோன நிலையும் "இல்லை" என்ற கணக்கில் போய்விடும். மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரரைப் பிடித்து, அந்தப் பிழையின் நேம் பண்பு நீங்கள் எதிர்பார்த்த பெயர்தானா என்று பாருங்கள். வேறு பெயராக இருந்தால் அப்படியே ரெய்ஸ் செய்துவிடுங்கள். ஏற்றாமல் "இருக்கிறதா" என்று மட்டும் பார்க்க இம்போர்ட்லிப்.யூட்டில்.ஃபைண்ட்_ஸ்பெக் போதும், இல்லாவிட்டால் நன் (ஒன்றுமில்லை) தரும்.

பிழை வந்தால் பிடித்து, நிரலுக்குள்ளிருந்தே பிப்பை ஓட்டி இன்ஸ்டால் செய்துகொள்ளும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் அறிமுகமில்லாதவரை வரவழைக்கும் வேலை அது. வேண்டாம்.

ஜூபிட்டர் நோட்புக்கில் பிப் போட்டேன், ஏறியது. செல்லை ஓட்டினால் பழைய பிழையே வருகிறது.

ஆச்சரியக்குறி பிப் போட்டிருப்பீர்கள். அது வேறு பைத்தானுக்குப் போகலாம். சதவீதக்குறி பிப் போடுங்கள், அந்த நோட்புக்கின் கர்னலுக்கே (அதை ஓட்டும் பைத்தானுக்கே) போகும். பதிப்பை மாற்றினால் கர்னலை ரீஸ்டார்ட் செய்யுங்கள், பழையது சிஸ்.மாட்யூல்ஸில் உட்கார்ந்திருக்கும்.

இத்தனையும் பார்த்தாயிற்று, தீரவில்லை. உதவி கேட்கும்போது என்ன அனுப்ப வேண்டும்?

ஃபோட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், அதுவும் சாய்வாக. பிழையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுத்தாகவே ஒட்டுங்கள். எந்த ஃபோல்டரில் நின்று எந்தக் கட்டளையை அடித்தீர்கள், சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் என்ன காட்டுகிறது, சிஸ்.பாத் என்ன காட்டுகிறது, அதே பைத்தானின் "-எம் பிப் லிஸ்ட்" என்ன தருகிறது, ஃபோல்டரில் உள்ள ஃபைல்களின் பெயர்கள். "பைத்தான் -வி" (சின்ன வி) என்று ஓட்டினால் எங்கிருந்து எதை ஏற்றுகிறது என்று வரிவரியாகக் கொட்டும். அதைக் கேட்டால் மட்டும் அனுப்புங்கள், நீளம் அதிகம். அனுப்புமுன் பாஸ்வேர்ட், ஏபிஐ கீ ஏதாவது இருந்தால் அழித்துவிடுங்கள். போன வாரம் ஒருவர் வங்கி ஏபிஐ கீயோடு அனுப்பினார், பிழையைப் பார்ப்பதற்குள் அதை மாற்றச் சொல்லி ஃபோன் செய்ய வேண்டியதாயிற்று.